கம்புக்காரன் குடித்த கள்ளு செல்லாது

உமுநோசி,
ஞாயிறு பூசை முடிந்து, சாப்பாட்டுக்கு முன்.

மரியாதைக்குரிய மூத்த அக்கா ஃபெலிசிட்டா அவர்களுக்கு,

உங்கள் ஒரே தம்பியும், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தலை நரைக்கும்வரை எழுதிக் களைத்து ஓய்வுபெற்ற குமாஸ்தாவுமான பெனடிக்ட் அனாயோ பணிவுடன் எழுதுவது. ஆபாவில் நீங்களும் அத்தானும் பேரப்பிள்ளைகளும், உங்கள் துணிக்கடையும், கடைவாசலில் கட்டியிருக்கும் அந்தக் கோபக்கார நாயும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கே என் இரத்த அழுத்தம் நீங்கலாக எல்லாரும் நலம்.

போனில் பேசக்கூடாதா, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். பேசிப் பார்த்தேன். நான் "அக்கா, விஷயம் என்னன்னா" என்று ஆரம்பிப்பதற்குள் நீங்கள் "அனாயோ, உனக்கு வெக்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை யாரும் பாதியில் வைக்க முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்கு முன் எப்படியும் படித்துவிடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியும்.

உங்கள் குற்றச்சாட்டு இரண்டு. என் மகள் ஒபியாகெலியை அத்தைக்காரியான உங்களுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் சினிமாவுக்குள் வைத்துக் கட்டிக்கொடுத்தேன் என்பது ஒன்று. கட்டிக்கொடுத்துவிட்டு இப்போது கல்யாணமே நடக்கவில்லை என்று சாதிக்கிறேன் என்பது இன்னொன்று. இதற்குத் தண்டனையாக, நம் குலத்தில் பிறந்து வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் அத்தனை பேரையும் பஸ் வைத்துக் கூட்டிவந்து என் முற்றத்தில் உட்காரப்போவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். அந்தப் பெண்கள் உட்கார்ந்துவிட்டால் எழுப்புவதற்கு இந்த ஊரில் ஆம்பிளை கிடையாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், பயப்படமாட்டேன். கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்து ரேடியோ கேட்பேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் நம் உபதேசியார் மகன் ப்ராஸ்பர். ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஆசாபாவில் படம் எடுக்கிறானே, அவன்தான். ஒருநாள் காலையில் வந்து, "அங்கிள், உங்க முற்றத்துல ஷூட்டிங் வெச்சுக்கலாமா? உங்க வீடு மாதிரி பழசா, கிராமத்து வீடா வேற எங்கயும் கெடைக்கல" என்றான். பாராட்டுகிறானா, கேவலப்படுத்துகிறானா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். ஒரு பெண்ணுக்குக் கள்ளுக்கிண்ணச் சடங்கு. அப்பன் கிண்ணத்தில் கள்ளை ஊற்றிக் கொடுத்து, உன் புருஷன் யார் என்று கூட்டத்தில் தேடிப் போய்க் கொடு என்கிறான். கூட்டத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவன் அப்பன் பார்த்த பணக்காரன். இன்னொருவன் அவள் மனசில் இருப்பவன். அவள் கிண்ணத்தோடு நடக்கிறாள். யாரிடம் போவாள் என்று கடைசிவரை ஒருத்தருக்கும் தெரியாது. படத்தின் பெயரே 'கிண்ணம் யாருக்கு?' அக்கா, கோர்ட்டில் உட்கார்ந்து விதவிதமான கதை கேட்டவன் நான். கொலைகாரன் அழுவதைக் கேட்டுக் கொட்டாவி விட்டவன். எனக்கே புல்லரித்துவிட்டது. "எடுடா ராஜா, என் முற்றம் உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன். இப்படி ஒரு கதையை ஒருத்தன் கெடுக்க முடியும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

ஷூட்டிங் அன்று பார்த்தால் கேமரா வந்துவிட்டது, விளக்கு வந்துவிட்டது, பணக்காரனாக நடிக்கும் கூலிங்கிளாஸ் போட்ட கதாநாயகனும் வந்து நம் மாமரத்தடியில் ஆட்டு மிளகுச்சாறு இரண்டாம் கிண்ணம் குடித்துக்கொண்டிருந்தான். கதாநாயகியும், அவளுக்கு அப்பாவாக நடிக்க வேண்டியவரும் வந்த கார் மட்டும் நைஜர் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டது. அந்தப் பாலத்தில் மாட்டியவர்களுக்கு ஜெபம் செய்யலாம், காத்திருக்க முடியாது. ப்ராஸ்பர் என் காலைப் பிடிக்காத குறைதான். "அங்கிள், அப்பாவா நீங்களே உக்காந்துருங்க. நெஜ அப்பாதானே, நடிக்கவே வேணாம்" என்றான். அந்த நேரம் பார்த்து ஒபியாகெலி, பக்கத்து ஊர் ஆடுகளுக்கு ஊசி போட்டுவிட்டு ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றாள். கால்நடை டாக்டர் என்றால் இப்படித்தான் வருவாள். ப்ராஸ்பர் அவளைப் பார்த்ததும், "சிஸ்டர், முதுகு மட்டும்தான் தெரியும், மூஞ்சிய அப்புறம் ஹீரோயினை வெச்சு எடுத்துக்கறேன்" என்று கெஞ்சினான். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏதோ இருந்தது. நான் கவனித்திருக்க வேண்டும்.

கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றதும் நம் பங்காளிகள் எல்லாரும் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்ததும் சண்டை. ப்ராஸ்பர் ஆட்கள் பால் பவுடரைத் தண்ணீரில் கலக்கி, இதுதான் கள்ளு என்று கொண்டுவந்து வைத்தார்கள். குலத்துக்கு மூத்தவர் இலோபி அதை மோந்து பார்த்துவிட்டு, "இது எந்தக் கன்னுக்குட்டிக்கு?" என்று கேட்டார். நல்ல கள்ளு இறக்கிக் கொண்டுவரும்வரை யாரும் நடிக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சபையில் முதலில் வைத்து ஜெபம் சொல்லும் கோலாக் கொட்டைக்கும் அதே கதி. அவர்கள் மரத்தில் செய்து சாயம் அடித்ததை வைத்திருந்தார்கள். இலோபி தன் பையிலிருந்து நிஜக் கொட்டையை எடுத்துக் கையில் ஏந்தி ஜெபம் செய்ய ஆரம்பித்தார். ஆரம்பித்தால் நிறுத்துகிற ஆளா? நம் பாட்டன், முப்பாட்டன், நம் அப்பா, நம் அம்மா என்று ஒருத்தர் விடாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ப்ராஸ்பர் "கட், கட்" என்று கத்தினான். இலோபி ஒரு கண்ணைத் திறந்து, "நீ சொன்னதும் அணையறதுக்கு நான் என்ன உன் லைட்டாடா?" என்று கேட்டுவிட்டுத் தொடர்ந்தார். இதெல்லாம் உங்களுக்கு வேறு மாதிரி சொல்லப்பட்டிருக்கும். இது கல்யாணத்துக்கான ஜெபம் இல்லை. படத்துக்கான ஜெபம். கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

பிறகு நான் கிண்ணத்தில் கள்ளை ஊற்றினேன். பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பவளமாலை போட்டுக்கொண்டு வந்திருந்தாள் ஒபியாகெலி. ப்ராஸ்பர் சொன்னபடி, "மகளே, உன் புருஷனைக் கண்டுபிடிச்சு இதக் குடு" என்றேன். அவள் நடந்தாள். சடங்கில் எல்லாப் பெண்களும் செய்வதுபோல அங்கே பார்த்தாள், இங்கே பார்த்தாள். பங்காளிகள் "இங்க வாம்மா, நான் குடிக்கறேன்" என்று கேலி செய்தார்கள். கதாநாயகன் கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினான். அக்கா, அவள் அவனைத் தாண்டிப் போனாள்! தாண்டிப் போய், கூட்டத்தின் ஓரத்தில் மைக் கட்டிய நீளக் கம்பை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றானே ஒருத்தன், அவன் முன்னால் முழங்கால் போட்டாள்.

அவன்தான் ஜிடே. முழுப்பெயர் ஜிடெயோஃபோர். போன வருஷம் வேறொரு படத்தில் நடிக்க வந்த ஆடு நோயில் விழுந்தபோது அதைத் தோளில் போட்டு ஒபியாகெலியிடம் தூக்கிவந்தவன். ஆடு பிழைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஆடு இல்லாமலும் வர ஆரம்பித்தான். தன் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு, ஒரு பாட்டில் ஜின்னோடு, என் வாசலுக்குப் பெண் கேட்டு இரண்டு தடவை வந்தான். இரண்டு தடவையும் திருப்பி அனுப்பினேன். என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால் "சவுண்டு சார், கம்பு பிடிக்கறேன்" என்கிறான். பங்காளிகள் நடுவே என் மருமகன் கம்பு பிடிக்கிறான் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்? கொடிக்கம்பமே அவனைவிட நன்றாகப் பிடிக்கும், சம்பளமும் கேட்காது.

அவன் என்ன செய்வான் பாவம், கையை எடுத்தால் கம்பு கேமராவுக்குள் விழும். கம்பை விடவும் இல்லை, ஆட்டவும் இல்லை. தலையை மட்டும் குனிந்தான். அவள் கிண்ணத்தை அவன் வாயில் வைத்துக் குடிக்க வைத்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்தான். கம்பு அசையவில்லை, அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். பெண்கள் குலவையிட்டார்கள். கதாநாயகன், "அப்ப நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டான். கேட்டுவிட்டு மறுபடியும் மிளகுச்சாறு குடிக்கப் போய்விட்டான். அவர்கள் இருவரும் நேராக என்னிடம் வந்து, அவன் கம்போடேயே, மண்டியிட்டார்கள். ப்ராஸ்பர், "அங்கிள், நிறுத்தாதீங்க, ஆசீர்வாதம், ஆசீர்வாதம்!" என்று கிசுகிசுத்தான். நான் இருவர் தலையிலும் கை வைத்தேன். காட்சிக்குத் தேவையானதைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்தது என்று உங்களிடம் யாரோ வத்தி வைத்திருக்கிறார்கள். வந்தது. அடுப்புப் புகை. இதற்குப் பெயர் நடிப்பு அக்கா. நடிப்பென்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், யாரும் கேட்பதாக இல்லை. இலோபி அங்கேயே எழுந்து, "குடிச்சாச்சு, முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுத் தன் கிண்ணத்தை நீட்டினார்.

மறுநாள் பங்காளிகள் கூட்டம். நம் கொட்டை, நம் கள்ளு, நம் மூத்தவர் ஜெபம், பெண்ணே எடுத்துக் கொடுத்தாள், தகப்பனே ஆசீர்வதித்தான், இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். நான் விடவில்லை. "படத்துல போலீஸ்காரன் ஒருத்தனைச் சுட்டா, செத்தவனுக்கு நாம ஒப்பாரி வெக்கறமா?" என்று கேட்டேன். சூட்டோடு சூடாக ஒரு யோசனையும் சொன்னேன். படம் வெளிவரட்டும், எல்லாரும் சேர்ந்து பார்ப்போம். படத்தில் அந்தக் காட்சி இருந்தால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை. எல்லாரும் சரி என்றார்கள். அந்தக் காட்சியை வெட்டிவிடப் போவதாக ப்ராஸ்பர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தான். அதைச் சபையில் யாரும் கேட்கவில்லை, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது சாட்சியின் வேலையும் இல்லை.

போன ஞாயிறு மதியம் என் முற்றத்தில் டிவியைத் தூக்கிவைத்து, ஜெனரேட்டர் போட்டு, பங்காளிகளும் அவர்கள் மனைவிமாரும் வறுத்த வாழைப்பழத்தோடு உட்கார்ந்தார்கள். டிவியில் சத்தம் சரியாக வரவில்லை என்று யாரோ அந்த ஜிடேயையே கூப்பிட்டு வைத்திருந்தார்கள். படம் ஓடியது. என்னத்தைச் சொல்ல! காட்சி இல்லைதான். என் முற்றமே இல்லை. ஒரு ஓட்டல் புல்வெளியில் மறுபடியும் எடுத்திருக்கிறான், பின்னால் நீச்சல்குளம் தெரிகிறது. இலோபி இருந்த இடத்தில் பஞ்சுத்தாடி ஒட்டிய பையன் ஒருத்தன் இடதுகையில் கோலாக் கொட்டையைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் ஜெபம் செய்தான். இங்கிலீஷில்! "யாருடா இவன்? கொட்டைக்கு இங்கிலீஷ் புரியுமா? நான் கூப்பிட்ட என் அப்பனையெல்லாம் எங்கடா விட்ட?" என்று இலோபி டிவியைப் பார்த்துத் தடியை ஓங்கினார். நாலு பேர் சேர்ந்து பிடித்தோம். அதற்குப் பிறகு கதாநாயகி கிண்ணத்தோடு கிளம்பினாள். அங்கே பார்க்கவில்லை, இங்கே பார்க்கவில்லை. மருந்துக்கடையில் சீட்டை நீட்டுவதுபோல நேராகப் போய்க் கூலிங்கிளாஸிடம் நீட்டினாள். அவன் குடித்தான், முடிந்தது. அப்புறம் எதற்கு 'கிண்ணம் யாருக்கு?' என்று ஒரு பெயர்? போஸ்டரிலேயே கிண்ணம் அவன் கையில்தானே இருக்கிறது! மனசில் இருந்தவன் ஏதோ ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று அழுதான். நல்ல பையன், அவனையாவது அழவிட்டிருக்கலாம். அதற்குள் மணியடித்துக்கொண்டு ஒரு தீர்க்கதரிசி வந்து, இவன் அந்தக் கூலிங்கிளாஸின் காணாமல்போன தம்பி என்றான். கதாநாயகியின் அத்தைக்காரி சூனியக்காரி என்று தெரிந்ததும், கம்ப்யூட்டரில் செய்த பிணந்தின்னிக் கழுகாக மாறி, சிறகை அசைக்காமலே பறந்து போனாள். அத்தையைக் கழுகாக்கியது உங்களை மனசில் வைத்து இல்லை என்று ப்ராஸ்பர் சத்தியம் செய்கிறான்.

எனக்குப் பதிலாக அப்பாவாக வந்த ஆளைப் பற்றியும் சொல்லவேண்டும். மகள் காலடியில் மண்டியிட்டிருக்கிறாள், அந்த ஆள் பையில் கைக்குட்டையைத் தேடுகிறார்! தேடி எடுத்து, உதறி, மடித்து, வராத கண்ணீரைத் துடைக்கிறார். பெற்ற தகப்பன் அந்த நேரத்தில் கைக்குட்டையா தேடுவான்? மகள் தலை சூடாக இருப்பது உள்ளங்கையில் தெரியும், பிறந்த அன்று தூக்கியபோது இருந்த அதே சூடு. பேச வைத்திருந்ததெல்லாம் மறந்துபோகும். நான் செய்தேன், ஒரே தடவையில் செய்தேன். அதை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டான் பாவி. நல்ல கதை அக்கா. கையில் கொடுத்த நல்ல கதையைக் கெடுத்துவிட்டான். அன்றைக்கு என் முற்றத்தில், ஒபியாகெலி கிண்ணத்தோடு நடந்தபோது, அந்தக் கதை உண்மையிலேயே நன்றாக இருந்தது. யாருக்கென்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

படம் முடிந்ததும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இலோபி, "அனாயோ, நீ ஜெயிச்சிட்ட. படத்துல இல்ல. சந்தோஷம்தானே?" என்று கேட்டார். சந்தோஷம் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். ஒபியாகெலி அழவில்லை, சண்டை போடவில்லை. ஜெனரேட்டரை அணைத்துவிட்டு வந்து, "அப்பா, படத்துல இல்லன்னா நடக்கலன்னு வெச்சுக்குவோம். அந்த ஆட்டுக்கு நான் ஊசி போட்டதையும் எவனும் படம் எடுக்கல. அது பொழச்சுதா இல்லையா?" என்று கேட்டாள். பங்காளிகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த ஜிடே டிவி ஒயரைச் சுருட்டிக்கொண்டே, "சார், நீங்க நடிப்புன்னு சொன்னா நடிப்புதான். நான் எதுத்துப் பேச மாட்டேன். ஆனா நான் மட்டும் அன்னிக்கு நடிக்கல சார், என்னை யாரும் நடிக்கக் கூப்பிடவே இல்லையே" என்றான். எப்படிப்பட்ட வக்கீல் பாருங்கள்!

ஆகவே அக்கா, தீர்ப்பு தீர்ப்புதான். சபை ஒத்துக்கொண்ட நிபந்தனைப்படி கல்யாணம் நடக்கவில்லை. கம்புக்காரன் குடித்த கள்ளு செல்லாது. நான் செய்தது நடிப்பு, நல்ல நடிப்பு, வெட்டப்பட்ட நடிப்பு. நீங்கள் பஸ்ஸில் வந்தாலும் லாரியில் வந்தாலும் கேட் பூட்டித்தான் இருக்கும். அக்கா என்றும் பார்க்கமாட்டேன். பயமுறுத்தலுக்கு மசிகிறவன் என்றால் கோர்ட்டில் ஒரு வாரம் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன்.

அத்தானின் முழங்கால் வலிக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள். ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுளும் குட்டையான கோபமும் தந்து காப்பாராக.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத உங்கள் தம்பி,
பெனடிக்ட் அனாயோ

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ப்ராஸ்பர் வந்து நிற்கிறான். இரண்டாம் பாகத்துக்கு மறுபடியும் என் முற்றம் வேண்டுமாம். தரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் முதலில் வெட்டினாயே, அந்தக் காட்சியை மறுபடி எடு, நிஜப் பெயர்களோடு எடு, எவனாவது 'கட்' என்றால் பல்லைத் தட்டிவிடுவேன் என்றுதான் வாயில் வந்துவிட்டது. அடுத்த மாதம் இரண்டாவது ஏகே சந்தை நாளன்று வைத்திருக்கிறோம். பையனின் சித்தப்பாவுக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன், இந்தத் தடவை அந்த ஜின் பாட்டிலை வாங்கிக்கொள்கிறேன். குலத்துப் பெண்கள் அத்தனை பேரையும் அதே பஸ்ஸில் கூட்டி வாருங்கள். கேட் திறந்திருக்கும். அன்றைக்கு நான் நடிக்கப் போவதில்லை, அதனால் அழுதாலும் அழுவேன், கண்டுகொள்ளாதீர்கள். கம்பு பிடிக்க வேறு ஆள் பார்க்கும்படி ப்ராஸ்பரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளைக்குக் கிண்ணத்தை வாங்க இரண்டு கையும் வேண்டும்.